ஓடைக்கு ஒரு வாரியம்: யார் உட்காருவது, யார் வாக்குப் போடுவது?

ஓடைக்கரை மாப்பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரன். இங்கே தென்னாப்பிரிக்காவில் பெண் எடுத்து இருபது வருஷம் ஆகிறது. மாமனார் தோட்டத்துக்குக் கணக்குப்பிள்ளை, டிரைவர், மருந்தடிக்கிறவன் எல்லாம் நான்தான். குவாடுகூஸா பக்கம், வீட்டுப் பெரியவர்கள் இன்னும் பழைய பேரில் ஸ்டாங்கர் என்றுதான் சொல்கிறார்கள். மேல்சரிவில் கரும்பு. கீழே ஓடை ஓரமாக பீன்ஸ், கத்தரி, கொத்தமல்லி, மதும்பே. மதும்பே வேறொன்றுமில்லை, நம் ஊர்ச் சேப்பங்கிழங்குதான். ஆனால் மார்க்கெட்டில் சேப்பங்கிழங்கு என்று சொன்னால் விலை கேட்க ஆள் வராது.

2022 ஏப்ரல் மழையை இந்தப் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். 11ஆம் தேதி ராத்திரி எங்கள் மேல்வரப்பு உடைந்தது. விடிந்து பார்த்தால் மதும்பே பாத்தி இருந்த இடத்தில் ஒரு டோங்கா, அதாவது மண் அரித்த பள்ளம். ஒரு பக்கி வண்டியை, அதாவது சின்னச் சரக்கு வண்டியை, உள்ளே இறக்கி நிறுத்தலாம், அவ்வளவு அகலம். ஆழம் என் நெஞ்சு வரைக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் அது சரிவில் மேல்நோக்கித் தின்றுகொண்டே போகிறது. மாமா கல் கொட்டினார், பழைய டயர் அடுக்கினார். அடுத்த வருஷம் டயர் மட்டும் கடலைப் பார்த்துப் போய்விட்டது.

மேலே இருக்கிறவர் தன் வண்டிப்பாதைத் தண்ணீரை ஒரு குழாய் வைத்து வேலிக்கு இந்தப் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார். அவர் பாதை பிழைத்தது, எங்கள் கரை போனது. நாங்களும் ரொம்ப யோக்கியம் இல்லை. நாங்கள் கொட்டிய கல் தண்ணீரை எதிர்க்கரைக்குத் தள்ளி, அங்கே ஒருவருடைய வாழை பத்துப் பன்னிரண்டு சாய்ந்தது. ஓடை நெடுக இப்படிப் பதினொரு தோட்டம். எல்லாவற்றுக்கும் கீழே, ஜூலு மன்னர் பொறுப்பில் உள்ள இங்கோன்யாமா அறக்கட்டளை நிலத்தில் ஜூலு குடும்பங்களின் வீடுகள்.

போன மாதம் கோயில் மண்டபத்தில் அன்னதானம் முடிந்து இலை எடுப்பதற்குள் இந்தப் பேச்சு வந்துவிட்டது. ஆளாளுக்குக் கல் போடுவதை விட்டு ஒரு குழு வைத்துக்கொள்வோம் என்றார்கள். எழுதத் தெரிந்தவன் என்று சட்டதிட்டம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

இதற்கிடையில் அமெரிக்காவில் இருக்கும் மச்சினன் மகள் போனில் சொன்னாள்: "மாமா, இங்கே மண்ணையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்ள ஒரு வாரியம் இருக்கிறதாம். அதற்குத் தேர்தலாம், எனக்கும் வாக்கு உண்டாம். எனக்கு ஒரு செடித்தொட்டிகூடக் கிடையாதே!" நிலம் இல்லாதவளுக்கு நில வாரியத்தில் எப்படி வாக்கு என்று அன்றிலிருந்து மண்டைக் குடைச்சல்.

அந்த வாரியங்களில் ஆட்களை எப்படி எடுக்கிறார்கள்? அவர்களுக்கு மேலே யார்? பணம் எங்கிருந்து வருகிறது? தப்பு பண்ணினால் இறக்க முடியுமா? அங்கிருந்து நாங்கள் எதையாவது எடுத்துக்கொள்ளலாமா?

நான் எழுதி வைத்திருக்கும் முக்கியமான வரி இது: "நிலத்தின் உரிமையாளர்கள் மட்டுமே உறுப்பினர், ஒரு ஏக்கருக்கு ஒரு வாக்கு." செலவும் ஏக்கர் கணக்கில்தான் என்பதால் இது நியாயம் என்று மாமா சொல்கிறார். எங்களுக்கு ஏக்கர் கொஞ்சம் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

---

மேரிட்ஸ்பர்க் மருமகள் எழுதியது:

தம்பி, உங்கள் மச்சினன் மகள் கேட்டதை நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் வேலைக்காக ஒன்பது வருஷம் வாஷிங்டன் மாநிலத்தில் இருந்தோம். தலைநகரம் இல்லை, மேற்குக் கோடியில் ஆப்பிள் விளைகிற வாஷிங்டன். கடைசி நாலு வருஷம் எங்கள் பகுதி வாரியத்தில் துணை உறுப்பினராக உட்கார்ந்திருந்தேன். துணை உறுப்பினர் என்றால் பேசலாம், வாக்கெடுப்பில் கை தூக்கக் கூடாது. மாமியார் வீட்டில் பழகிய வேலைதான்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மற்றது புரியும். 1930களில் அமெரிக்காவின் நடுப்பகுதி முழுக்க மண் காற்றில் பறந்தது. ஹியூ பென்னட் என்று ஒரு மண் அதிகாரி, மண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தவர். 1935இல் சட்டம் வந்தது, தனி இலாகா வந்தது, அவரே தலைவர். ஆனால் மத்திய அரசு அதிகாரி வந்து "இப்படி உழு" என்றால் எந்த விவசாயி கேட்பான்? அதனால் 1937 பிப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் எல்லா மாநில ஆளுநர்களுக்கும் ஒரு மாதிரிச் சட்டம் அனுப்பினார். உங்கள் ஊரில் விவசாயிகளே ஒரு மண் பாதுகாப்பு மாவட்டம் அமைத்துக்கொள்ளட்டும், எங்கள் ஆட்கள் அவர்களுக்கு உதவுவார்கள் என்று. அந்த வருஷம் ஆகஸ்டில் வட கரோலினாவில் பிரவுன் கிரீக் என்ற இடத்தில் முதல் மாவட்டம். பென்னட் பிறந்த சீமை அது. இன்றைக்கு நாடு முழுக்க ஏறத்தாழ 3000 இருக்கின்றன. பிரவுன் கிரீக் என்பதும் ஓடையின் பேர்தான், கவனியுங்கள்.

அந்த மாதிரிச் சட்டத்தின்படி, 25 பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தால் விசாரணை நடக்கும், பிறகு அந்தப் பகுதியில் வாக்கெடுப்பு. மாவட்டம் அமைந்தால் வாரியத்தில் ஐந்து பேர். மூன்று பேரை அங்குள்ளவர்கள் தேர்ந்தெடுப்பார்கள், இரண்டு பேரை மாநிலக் குழு நியமிக்கும். இப்போது உங்கள் வரிக்கு வருகிறேன். அந்த 25 பேர் யார் தெரியுமா? "உரிமையாளர்" என்று சட்டம் சொல்லவில்லை. "நிலத்தில் இருப்பவர்" என்றது. பட்டாக்காரர், குத்தகைக்காரர், வாரத்துக்கு உழுகிறவர் எல்லோரும் அதில் அடக்கம். மண்ணைக் கிளறுகிறவன் ஒத்துழைக்காவிட்டால் பத்திரம் வைத்திருப்பவன் கையெழுத்து எதற்கு?

அப்புறம் மாநிலத்துக்கு மாநிலம் வழி பிரிந்துவிட்டது. வாஷிங்டனில் அதே மூன்றும் இரண்டும்தான், பதவிக்காலம் மூன்று வருஷம். தேர்ந்தெடுக்கப்படும் மூவரில் குறைந்தது இரண்டு பேர் நிலம் உள்ளவர்களோ பண்ணை நடத்துகிறவர்களோ ஆக இருக்க வேண்டும். ஆனால் வாக்குப் போட நிலம் வேண்டாம், அந்த எல்லைக்குள் பதிவான வாக்காளராக இருந்தால் போதும். உங்கள் மச்சினன் மகளின் செடித்தொட்டி சந்தேகத்துக்கு இதுதான் பதில். டெக்சாஸில் நேர் எதிர். மாவட்டத்தை ஐந்து கூறாகப் பிரித்து, கூறுக்கு ஒருவர். நிலம் வைத்திருப்பவர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். அயோவாவில் பொதுத்தேர்தல் சீட்டிலேயே இவர்கள் பேரும் வரும், கட்சி அடையாளம் இல்லாமல், நாலு வருஷத்துக்கு. நெப்ராஸ்கா இன்னும் ஒரு படி மேலே போய், 1972இல் சின்னச் சின்ன மாவட்டங்களை எல்லாம் கலைத்து ஆற்றுப்படுகை வாரியாகச் சேர்த்துவிட்டது. இன்று அங்கே 23தான், சொத்து வரி போடும் அதிகாரத்தோடு.

வாஷிங்டன் தேர்தலைப் பற்றிப் பெருமையாக நினைத்துவிடாதீர்கள். நான் இருந்த காலத்தில் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள், மற்ற தேர்தலோடு சேராமல் தனியாக நடத்துவார்கள். நூறு வாக்காளரில் ஒருவர்கூட வராத மாவட்டங்கள் பல. எங்கள் ஊரில் அலுவலக மேஜைமேல் ஒரு பெட்டி, பக்கத்தில் ஒரு தட்டு பிஸ்கட். அந்த வருஷம் விழுந்த வாக்கைவிட என் கல்யாணத்துக்கு வந்த கூட்டம் அதிகம்.

மேலே யார் என்று கேட்டீர்கள். மாநில அளவில் ஓர் ஆணையம். இரண்டு பேரை நியமிப்பது அதுதான். கடமையைச் செய்யாத உறுப்பினரையும் முறைகேடு செய்தவரையும் நோட்டீஸ் கொடுத்து, விசாரித்து இறக்குகிற அதிகாரமும் அதற்கு உண்டு. கணக்கை மாநிலத் தணிக்கையாளர் பார்ப்பார். கூட்டம் ஊருக்குத் திறந்திருக்க வேண்டும், யாரும் வந்து உட்காரலாம். உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது, வழிச்செலவு மட்டும். நிலத்துக்கு இவ்வளவு கட்டணம் என்று வாரியம் தானாக வசூலிக்க முடியாது. கவுண்டி என்ற உள்ளாட்சி நிர்வாகம் ஒப்புக்கொண்டு விதித்தால்தான் பணம். மீதி மானியம்.

உத்தரவு போடும் அதிகாரமும் இல்லை. "வேலி போடுகிறாயா, செலவில் பாதி தருகிறோம்" என்று கேட்கலாம். முடியாது என்றால் தேநீர் குடித்துவிட்டு வரலாம்.

ஒரே ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். ஓடைக்குள் மாடு இறங்காமல் வேலி போட ஒரு விண்ணப்பம் வந்தது. விண்ணப்பித்தவர் வாரியத்தின் பொருளாளரே. அவருடைய விஷயம் வந்ததும் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். வெளியே பனி கொட்டுகிறது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் காலை மாற்றி மாற்றி நிற்கிறார். உள்ளே இருந்த நால்வரும் வேண்டுமென்றே ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, வேலிக்கம்பியின் தடிமன் வரைக்கும் விசாரித்தார்கள். இருபது நிமிஷம். அப்புறம்தான் கூப்பிட்டார்கள். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, அவரே போனார். குறிப்பேட்டில் அவர் போன நேரமும் வந்த நேரமும் எழுதப்பட்டது. உங்கள் சட்டதிட்டத்தில் எது இல்லாவிட்டாலும் அந்த இரண்டு நேரத்தையும் எழுத ஒரு வரி வையுங்கள்.

---

மட்டக்கோல் எழுதியது:

மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். நான் ஓய்வு பெற்று வெகு காலம் ஆயிற்று. சரிவில் மட்டம் பார்த்து வரப்புக்குக் குச்சி நடுவது என் உத்தியோகம். நிறவெறி ஆட்சியில் இந்தியர்களுக்கென்று தனி இலாகா இருந்த காலத்து ஆள் நான், அதனால் எனக்கு ஒதுக்கப்பட்ட சரிவுகளும் இந்தியர்களுடையவை மட்டும்தான். தண்ணீருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அம்மா சொன்ன பென்னட் 1944இல் இங்கேயே வந்திருக்கிறார். அரசாங்கம் அழைத்து, நாடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு வருஷத்தில், 1946இல், தென்னாப்பிரிக்காவிலும் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது, எண் 45. அமெரிக்காக்காரன் மாதிரியே மாவட்டங்கள், மாவட்டத்துக்கு விவசாயிகள் குழு. ஆகவே நீங்கள் அமெரிக்காவில் தேடுகிற சாமான் நம் வீட்டுப் பரணில் கிடந்ததுதான். ஏன் யாருக்கும் ஞாபகம் இல்லை? நம்மை அந்தப் பந்தியில் உட்காரவைக்கவில்லை, அதனால்.

அதே 1946இல், அதே பாராளுமன்றத்தில், எண் 28 என்று ஒரு சட்டம். ஆசியர்கள் நம் நேட்டால் மாகாணத்தில் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கோடு போட்டது. ஜூன் மாதம் டர்பனில் கேல் தெருவும் உம்பிலோ சாலையும் சேரும் மூலையில் கூடாரம் அடித்து உட்கார்ந்து நம் ஜனங்கள் ஜெயிலுக்குப் போனது அதற்காகத்தான். என் பெரியம்மாவும் போனார். மண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று ஒரு கையால் எழுதினார்கள், இந்த மண்ணில் நீ யார் என்று மறு கையால் எழுதினார்கள். ஆப்பிரிக்கர்களுக்கு இதுவும் கிடையாது. அவர்களுடைய ஒதுக்கு நிலங்களில் 1939 பிரகடனத்திலிருந்தே "மேம்பாட்டுத் திட்டம்" என்று அதிகாரி போடும் உத்தரவுதான்: மாட்டைக் குறை, வீட்டை இடம் மாற்று. அங்கே வரப்பு என்ற வார்த்தைக்கே ஜனங்களுக்குக் கோபம் வரும். வெள்ளைக்காரப் பண்ணைக்குக் குழு, கறுப்பனுக்குக் கட்டளை. கீழே இருக்கிற குடும்பங்களைக் கூப்பிடும்போது இதை நினைவில் வையுங்கள்.

என் அப்பா குத்தகை நிலத்தில் கீரையும் பீன்ஸும் போட்டவர். ஒரு தடவை மண் அரிப்பு பற்றி ஏதோ கூட்டம் என்று தபால் வந்தது, ஆனால் நிலத்துக்காரருக்கு. அவர் டவுனில் இருந்தார். அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது கூட்டம் முடிந்து மூன்று வாரம் கழித்து, வாடகை கொடுக்கப் போனபோது. எங்கே வரப்பு போடுவது என்று முடிவாகியிருந்தது. அது நேராக எங்கள் கிணற்றின் வழியாகப் போனது. அந்தக் குச்சிகளை அப்பா ராத்திரியில் பிடுங்கிப் போட்டார். நான் பிற்பாடு அதே குச்சி நடும் உத்தியோகத்துக்குப் போனதை அவர் சாகும்வரை கிண்டல் பண்ணினார்.

இப்போது இருக்கும் சட்டம் 1983இன் எண் 43. அதிலும் பாதுகாப்புக் குழுவுக்கு இடம் உண்டு. ஆனால் அதை அமைப்பது அமைச்சர். நீங்கள் இலை எடுப்பதற்கு முன் கூடி அறிவித்துக்கொள்ள முடியாது. அதன் வேலையும் ஊக்குவிப்பதும் இலாகாவுக்கு ஆலோசனை சொல்வதும்தான். தண்ணீருக்கு 1998 சட்டம் இருக்கிறது. அதன் எட்டாம் அத்தியாயத்தில் நீர்ப் பயனாளர் சங்கம், கடைசியில் அட்டவணை 5இல் மாதிரிச் சட்டதிட்டம் முழுதாக இருக்கிறது. படித்துப் பாருங்கள், பாதி வேலை மிச்சம். ஆனால் அதுவும் அமைச்சர் கையெழுத்து. பதினொரு தோட்டத்துக்கு அது கல்யாணப் பந்தல். உங்களுக்கு ஒரு குடை போதும்: சாதாரணச் சங்கம், எழுதிய சட்டதிட்டம், வங்கிக் கணக்கு. வேண்டுமானால் 1997இன் லாபநோக்கற்ற அமைப்புகள் சட்டத்தில் பதிந்துகொள்ளலாம். அதற்குக் கூட்டம் எப்படிக் கூட்டுவது, எத்தனை பேர் இருந்தால் செல்லும், குறிப்பு எழுதுவது, கலைத்தால் சொத்து எங்கே போகும் என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும். வருமானத்தை உறுப்பினர்கள் பங்கு போடக் கூடாது.

1983 சட்டம் யாரைப் பிடிக்கிறது என்றும் பாருங்கள். "நிலப் பயனாளர்" என்கிறது. குத்தகைக்காரரும் அதில் அடக்கம். அபராதத்துக்கு அவர் உண்டு, உங்கள் வாக்குக்கு மட்டும் இல்லையா?

அப்புறம் உங்கள் டயர். ஓடும் நீரின் இயல்பான போக்கை மறிக்கிற எதைப் போட்டாலும், மண் அரிக்காமல் நீர் வெளியேற வழி செய்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் விதி சொல்கிறது. வெள்ளம் பரவும் இடத்துக்கு வெளியே 10 மீட்டர் வரை அனுமதி இல்லாமல் உழவும் கூடாது. உங்கள் மதும்பே பாத்தி எங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை.

---

குவோரம் இல்லை எழுதியது:

பெரியவர்கள் எல்லாம் சட்டம் பேசுகிறீர்கள். நான் டர்பனில் ஒரு கோயில் கமிட்டியில் ஆறு வருஷம் இருந்து வெந்தவன், அதை மட்டும் சொல்கிறேன்.

தலைவர் பதவிக்காலம் இரண்டு வருஷம் என்று எழுதியிருந்தது. "அடுத்தவர் தேர்ந்தெடுக்கப்படும் வரை" என்று ஒரு வால் ஒட்டியிருந்தது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பதினாலு வருஷம் ஓட்டினார். தேர்தல் கூட்டத்துக்கு எப்போதும் குவோரம், அதாவது கூட்டம் செல்லுவதற்கு வேண்டிய ஆள் எண்ணிக்கை, சேராது. ஏனென்றால் கூட்டம் எப்போதும் மேட்ச் நாளில் வரும்.

வாலை வெட்டுங்கள். எல்லோர் பதவியும் ஒரே நாளில் முடியாமல் பாதிப் பாதியாக முடிகிறமாதிரி வையுங்கள். காசோலையில் இரண்டு கையெழுத்து. ஒரே வீட்டு ஆட்களாக இருக்கக் கூடாது. அண்ணன் தலைவர், தம்பி பொருளாளர், மச்சான் தணிக்கை என்று நாங்கள் பார்த்துவிட்டோம்.

---

ஓடைக்கரை மாப்பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, பாத்தி எங்கே இருந்தது என்று கேட்காததற்குத் தனி நன்றி.

குத்தகைக்காரர் விஷயம் சுருக்கென்று பட்டது. எங்கள் பதினொன்றில் மூன்று குத்தகை. அதில் இரண்டை நடத்துவது பெண்கள். அன்றைக்கு மண்டபத்தில் அவர்கள்தான் பரிமாறிக்கொண்டிருந்தார்கள், பேச்சில் இல்லை.

மாமாவிடம் சொன்னேன். "சரி, குத்தகைக்காரர் வரட்டும். ஆனால் ஏக்கருக்கு ஒரு வாக்கு போகக் கூடாது. நூறு ராண்ட் கொடுக்கிறவனும் ஆயிரம் கொடுக்கிறவனும் ஒன்றா?" என்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறதே, அக்கா?

---

மேரிட்ஸ்பர்க் மருமகள் எழுதியது:

இருக்கிறது தம்பி. அந்த நியாயம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. இது மண் பாதுகாப்பு மாவட்டம் இல்லை, கலிபோர்னியாவில் துலாரே ஏரிப் படுகையில் ஒரு நீர்த்தேக்க மாவட்டம். ஆனாலும் உங்கள் மாமா கதைதான்.

அங்கே நிலம் உள்ளவருக்கு மட்டும் வாக்கு. அதுவும் நிலத்தின் மதிப்பில் 100 டாலருக்கு ஒன்று. நாலு கம்பெனிகளிடம் ஏறத்தாழ 85 சதவீத நிலம். அதில் ஒரே கம்பெனிக்கு 37,825 வாக்கு. வாரியத்தில் பெரும்பான்மையை அதுவே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அந்த எல்லைக்குள் 77 பேர் குடியிருந்தார்கள். நிலம் இல்லாதவர்களுக்கு எதுவும் இல்லை. வழக்குப் போட்டார்கள். 1973இல் ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பு: செலவு நிலத்தின் மேல்தான் விழுகிறது, ஆகவே நிலத்துக்காரருக்கு மட்டும் வாக்கு என்பது செல்லும். மாமா ஜெயித்தார்.

மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி டக்ளஸ் 1969 வெள்ளத்தை எடுத்துச் சொன்னார். வெள்ள நீரை வேறொரு ஏரிக்குத் திருப்பலாம் என்று பேச்சு வந்தபோது வாரியம் அதைக் கிடப்பில் போட்டது. அந்த இன்னொரு ஏரிப்படுகையில் அதே பெரிய கம்பெனிக்குக் குத்தகை இருந்தது. நீர் வந்தால் அடுத்த போக விவசாயம் கெடும். விளைவு, இந்தப் பக்கம் நீர் ஏறியது. வழக்குப் போட்டவர்களில் ஒருவருடைய வீடு வெள்ளத்தின் உச்ச மட்டத்துக்குப் பதினைந்தரை அடி கீழே இருந்தது. அவருக்கு நிலம் இல்லை, அங்கே குடியிருந்தார், அவ்வளவுதான்.

பணத்தை ஏக்கர் கணக்கில் வாங்குங்கள், அதில் தப்பில்லை. தண்ணீரைத் திருப்பும் முடிவை அந்தக் கணக்கில் எடுக்காதீர்கள். உங்கள் ஓடைக்குக் கீழே வீடு மட்டும் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்று முதல் பதிவிலேயே நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

---

ஓடைக்கரை மாப்பிள்ளை எழுதியது:

கூட்டம் போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. நடந்ததை எழுதுகிறேன்.

கீழ் வீடுகளுக்கு நானும் மச்சினனும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம், முதலில் அவர்கள் ஊர்த்தலைவர் இண்டூனாவைப் பார்த்துவிட்டு. வந்தது நாலு பேர். ஒரு கோகோ, அதாவது பாட்டி, எழுபது வயசு இருக்கும், முன்வரிசையில் உட்கார்ந்தார். மாமா ஏக்கர் கணக்கை ஆரம்பித்தார். மாமாவுக்கு ஜூலு நன்றாக வரும், அவரே இரண்டு பாஷையிலும் பேசினார். கோகோ முழுக்கக் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "உங்கள் குழாய் ஒன்று என்னிடம் இருக்கிறது. மழை கொண்டுவந்தது. என் கோழிக்கூட்டுக்கு அதுதான் தூண். வேண்டுமென்றால் ஆள் அனுப்புங்கள், ஆனால் கூரைக்கு வேறு தூண் கொண்டுவரச் சொல்லுங்கள்."

மண்டபமே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. "நீலப் பெயிண்ட் கோடு போட்டிருக்குமா?" என்றார். போட்டிருக்கிறதாம். எங்கள் குழாய் எல்லாவற்றிலும் மாமா போடும் கோடு அது. பம்பிலிருந்து அந்தக் கோழிக்கூடு வரை எத்தனை தூரம் என்று மச்சினனைக் கேட்டார். அப்புறம் ஏக்கர் பேச்சை அவர் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என்னோடும் பேசவில்லை, அது வேறு.

முடிவானது இவ்வளவு. ஏழு இடம். ஓடைக்கரையில் உழுகிற அல்லது குடியிருக்கிற ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு வாக்கு. "அடுப்பு" என்ற வார்த்தையைக் குத்தகைப் பெண்களில் ஒருவர் சொன்னார். "வீடு" என்றால் ஒரே வளவில் இருக்கும் இரண்டு மருமகள்களுக்குச் சண்டை வரும் என்று. மேல்தோட்டத்துக்கு மூன்று, நடுவுக்கு இரண்டு, கீழ் வீடுகளுக்கு இரண்டு. பதவி இரண்டு வருஷம், வருஷத்துக்குப் பாதிப் பேர் இறங்க வேண்டும். வால் இல்லை. சந்தா ஏக்கர் கணக்கில். கீழ் வீடுகளுக்குச் சந்தா இல்லை, உடல் உழைப்பு. தன் நிலத்து விஷயம் வந்தால் எழுந்து வெளியே போக வேண்டும், நேரம் எழுதப்படும். இங்கே பனி இல்லை, வெயிலில் நிற்கட்டும்.

முடியாத விஷயமும் உண்டு. மேலே குழாய் வைத்துத் தண்ணீரைத் திருப்பியவர் வரவில்லை. அவர் உறுப்பினரே ஆகாவிட்டால் எங்கள் ஏழு பேரும் என்ன செய்ய முடியும் என்று ஒருவர் கேட்டார், யாரிடமும் பதில் இல்லை. இலாகாவுக்கு எழுதலாம் என்றார் ஒருவர். முதலில் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம் என்று நான் சொன்னேன், அக்கா சொன்ன மாதிரி. அந்த வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

வரும் சனிக்கிழமை டோங்காவின் தலைமாட்டில் வெட்டிவேர் நடுகிறோம். காலை ஆறரைக்கு. வருகிறவர்கள் மண்வெட்டி கொண்டுவரவும்.

---

மட்டக்கோல் எழுதியது:

டோங்காவின் தலைமாட்டில் மட்டும் நட்டால் ஒரு மழைக்குக்கூட நிற்காது. இருபது அடி மேலே தள்ளி, ஒரே மட்டத்தில், சரிவுக்குக் குறுக்கே நட வேண்டும். நாற்றுக்கு நாற்று ஒரு சாண் கூட விடாதீர்கள். கண் பார்வையில் மட்டம் எடுக்காதீர்கள், கண் பொய் சொல்லும்.

என்னைக் கூட்டிப்போக யாராவது மேரிட்ஸ்பர்க் வழியாக வருகிறீர்களா? கோல் என்னிடம் இருக்கிறது. தேநீரில் சர்க்கரை வேண்டாம்.